ஆறு பக்கக் கட்டுரை

இளமையில் ஒரே ஒரு சிறுகதை எழுதி, அது சரியாக அமையவில்லை என்று பேனாவை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராகப் போய்விட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கால் நூற்றாண்டு கழிகிறது. இதற்கிடையில் அவர் உத்தியோகத்தை இழந்தார், ஊரை இழந்தார், கடைசியில் தேசத்தையே இழந்தார். கடல் கடந்து போய், அந்நிய நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தில் மறுபடியும் கரும்பலகை முன்னால் நிற்கிறார். ஒரு நாள் ஏடுகளைப் புரட்டும்போது, தாம் மறந்து போன அந்தப் பழைய கதை அறிந்தவர்கள் வாயிலெல்லாம் அடிபடுகிறது என்று தெரியவருகிறது. அது மட்டுமல்ல, கதைக்கே அவர் பெயரைத்தான் வைத்து அழைக்கிறார்கள்!

இப்படி நான் ஒரு நாவல் எழுதினால், படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். "என்ன ஐயா, சினிமாக் கதை போல இருக்கிறதே!" என்பார்கள். ஆனால் இது நடந்தது. அந்த மனிதரின் பெயர் எர்ன்ஸ்ட் ஈசிங். அவர் எழுதியது சிறுகதை அல்ல. 1925ஆம் வருஷம் ஒரு ஜெர்மன் பௌதிகப் பத்திரிகையில் வெளிவந்த ஆறு பக்கக் கட்டுரை. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1949இல்தான், தம் கட்டுரைக்கு இவ்வளவு மதிப்பு வந்திருப்பதை அவர் அறிந்தார்.

கட்டுரை ஒரு காந்தத்தைப் பற்றியது. அது எப்படி எலெக்ட்ரானின் நடமாட்டத்தோடு உறவு கொண்டாட வந்தது என்பதுதான் நான் சொல்லப் புகுந்த விஷயம். கணக்கு என்றால் தலைவலி என்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

*

ஒரு காந்தத்தை நெருப்பில் காய்ச்சினால் அதன் காந்த சக்தி போய்விடும். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உஷ்ணம் எதைத்தான் கெடுக்காது? ஆச்சரியம் வேறிடத்தில் இருக்கிறது. இரும்பைக் காய்ச்சக் காய்ச்ச அதன் சக்தி குறைந்துகொண்டே வந்து, சுமார் 770 டிகிரியில் அடியோடு மறைகிறது. அதற்கு ஒரு டிகிரி கீழே இருந்தால் கொஞ்சமாவது காந்தம். ஒரு டிகிரி மேலே போனால் வெறும் இரும்பு. பியேர் கியூரி 1895இல் இதை நுட்பமாக அளந்து எழுதினார். கோடானு கோடி அணுக்கள் எப்படி ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தில் பேசி வைத்துக்கொண்டாற்போல் கட்சி மாறுகின்றன? ஒரு அணுவுக்குத் தன் பக்கத்து அணுவைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

பின்னால் ஹாம்பர்க் சர்வகலாசாலையில் பேராசிரியரான வில்ஹெல்ம் லென்ஸ் என்பவர் 1920இல் இதற்கு ஒரு பொம்மையைக் கற்பித்தார். அணுக்களைப் புள்ளிக் கோலத்தின் புள்ளிகளைப் போல் ஒழுங்காக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டிக் காந்த முள் இருக்கிறது. அதற்கு இரண்டே நிலை: தலை மேலே, அல்லது தலை கீழே. நாணயத்தில் பூவும் தலையும் போல. பக்கத்துப் பக்கத்து முட்கள் ஒரே திசையைப் பார்த்தால் இருவருக்கும் சந்தோஷம். எதிரெதிரே பார்த்தால் கொஞ்சம் மனஸ்தாபம். அவ்வளவுதான் சட்டம். தூரத்தில் இருப்பவனைப் பற்றி எவனுக்கும் கவலை இல்லை.

உஷ்ணம் எங்கே வருகிறது? போல்ட்ஸ்மான் என்ற ஆஸ்திரிய மேதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழி காட்டியிருந்தார். புள்ளிகள் எத்தனை விதமாக மேலும் கீழும் பார்க்கக்கூடுமோ அத்தனை விதங்களையும் எழுதிக்கொள். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு மதிப்பெண் போடு. எங்கெல்லாம் இரண்டு அண்டை வீட்டார் முரண்படுகிறார்களோ அங்கெல்லாம் மதிப்பெண்ணை ஒரு பின்னத்தால் பெருக்கு. குளிர்ந்த நிலையில் அந்தப் பின்னம் மிகச் சிறியது. சண்டைக்கு அபராதம் பலம். உஷ்ணம் ஏற ஏறப் பின்னம் ஒன்றை நெருங்கும். சண்டை போட்டாலும் கேட்பாரில்லை. கடைசியில் எல்லா மதிப்பெண்களையும் கூட்டு. எந்த ஒரு விதத்தின் மதிப்பெண்ணையும் இந்தக் கூட்டுத் தொகையால் வகுத்தால், அந்த விதம் சம்பவிக்கும் வாய்ப்பு கிடைத்துவிடும்.

சொல்வது சுலபம். பத்துப் புள்ளி என்றால் 1,024 விதங்கள். இருபது புள்ளி என்றால் பத்து லட்சத்துக்கு மேல். ஒரு துளி இரும்பில் உள்ள அணுக்களுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால் பிரளயம் வந்துவிடும். ஆகவே யுக்தி வேண்டும். லென்ஸ் தம் மாணவரைக் கூப்பிட்டு, "நீ போட்டுப் பார்" என்று கொடுத்துவிட்டார். அந்த மாணவர்தான் ஈசிங்.

*

ஈசிங் கோலத்தைச் சுருக்கிக்கொண்டார். புள்ளிகளை ஒரே வரிசையில், சங்கிலி மாதிரி வைத்தார். இப்படி வைத்தால் கணக்கு ஒழுங்காக முடிகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் கேள்வி ஒன்றுதான்: அடுத்தவன் என்னைப் போலவா, எனக்கு எதிரா? இதற்கான விடைகளை ஒரு சிறிய எண் அட்டவணையில் எழுதி, அதைக் கூட்டு வட்டிக் கணக்கு மாதிரி திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால் சங்கிலி முழுவதற்கும் விடை வந்துவிடும். (அட்டவணை உருவத்தில் இதைச் சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள், ஈசிங் அதே விடையை வேறு வகையில் எண்ணிக் கண்டுபிடித்தார்.)

விடை ஏமாற்றமாக இருந்தது. சங்கிலி எந்த உஷ்ணத்திலும் காந்தமாகவில்லை! காரணம் எளியது. நீண்ட வரிசையில் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். நடுவில் ஒரே ஓர் இடத்தில் முறிவு ஏற்பட்டு, அதற்கு அப்புறம் உள்ளவர்கள் அத்தனை பேரும் கீழே பார்க்கிறார்கள். அபராதம் எத்தனை? முரண்பட்டது ஒரே ஒரு ஜோடி. ஒரே ஒரு அபராதம். ஆனால் அந்த முறிவு ஏற்படக்கூடிய இடங்களோ கோடானு கோடி. அபராதம் கொஞ்சம், வாய்ப்பு ஏராளம் என்றால் முறிவு நேராமல் இருக்குமா? நேரும், பல இடங்களில் நேரும். ஒற்றுமை குலைந்துவிடும்.

இந்த வரையில் ஈசிங் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடுத்த அடியில்தான் சறுக்கினார். நிஜமான மூன்று பரிமாண இரும்பிலும் இந்தப் பொம்மை காந்தமாகாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். 1924இல் டாக்டர் பட்டம் கிடைத்தது; மறு வருஷம் கட்டுரையும் வந்தது. 1928இல் ஹைசன்பர்க் தம்முடைய புதிய காந்த சித்தாந்தத்தை வெளியிட்டபோது, ஈசிங்கின் தோல்வியைச் சுட்டிக்காட்டி, அதனால்தான் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது என்று சொன்னார். ஈசிங் அதற்கு முன்பே ஆராய்ச்சியை விட்டுவிட்டார். கொஞ்ச நாள் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு உபாத்தியாயர் பரீட்சை கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அதில் அவருக்குப் பிரியமும் இருந்தது.

*

ஈசிங் யூதர். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் யூத ஆசிரியர்களுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. மறு வருஷம் பாட்ஸ்டம் நகருக்கு அருகில் காபுத் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில், யூதக் குழந்தைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தது. பொதுப் பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்ட குழந்தைகள் அங்கே வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். இடம் போதவில்லை. அதே ஊரில் ஐன்ஸ்டீன் கட்டி, 1932 டிசம்பரில் விட்டுப் போன மரவீடு ஒன்று இருந்தது. அதையும் பள்ளிக்காக எடுத்துக்கொண்டார்கள். ஈசிங் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

1938 நவம்பர் 10ஆம் தேதி கும்பல் புகுந்து பள்ளியை நாசம் செய்தது. குழந்தைகள் ஓடினார்கள். பள்ளியை நிறுவிய கெர்ட்ரூட் ஃபையர்டாக் அம்மையார் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

ஈசிங் தம்பதிகள் அமெரிக்கா போக உத்தேசித்து 1939இல் லக்ஸம்பர்க் என்ற குட்டி நாட்டில் வந்து காத்திருந்தார்கள். காத்திருந்தபடியே 1940 மே 10ஆம் தேதி வந்தது. அன்று ஈசிங்குக்கு நாற்பதாவது பிறந்தநாள். அன்றுதான் ஜெர்மன் படைகள் லக்ஸம்பர்க்கில் நுழைந்தன. மனைவி யூதரல்லர் என்பதால் அவர் உயிர் தப்பியது. ஆனாலும் மாஷினோ கோட்டை வரிசையின் ரயில் பாதைகளைப் பெயர்க்கும் கட்டாய வேலையில் அவரைப் போட்டார்கள். 1944இல் நேசப் படைகள் வரும் வரையில் இந்த வேலைதான். இரும்பைப் பற்றிக் கணக்குப் போட்டவர் இரும்புத் தண்டவாளத்தைத் தோளில் சுமந்தார்.

அவர் பெயருக்கு மட்டும் வேறு இடத்தில் வேறு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது.

*

1936இல் ருடால்ஃப் பயர்ல்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். இவரும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சேர்ந்த யூதர். கட்டுரையின் தலைப்பிலேயே ஈசிங்கின் பெயர் இருந்தது. அதில் அவர் சொன்னது இது: சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டு பரிமாணத்தில் முழுப் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள். மேலே பார்ப்பவர்களுக்கு நடுவே கீழே பார்ப்பவர்களின் தீவு ஒன்று தோன்ற வேண்டுமானால், அதைச் சுற்றிக் கம்பிக் கோலம் போல மூடிய கோடு ஒன்று ஓட வேண்டும். கோட்டின் நீளம் முழுவதும் அபராதம்! தீவு பெரிதானால் அபராதமும் பெரிது. சங்கிலியில் ஒரே அபராதத்தில் பாதி ராஜ்யத்தைப் பிடித்துக்கொண்ட கலகக்காரர்களுக்கு இங்கே அது செல்லாது. ஆகையால் போதிய குளிர்ச்சி இருந்தால் ஒற்றுமை நிலைக்கும், பொம்மை காந்தமாகும். ஈசிங்கின் பொம்மை பொய்யல்ல, அவர் ஆராய்ந்த பரிமாணம்தான் போதவில்லை என்று தெரிந்தது.

எந்த உஷ்ணத்தில் மாறும்? 1941இல் கிராமர்ஸ், வானியர் என்ற இருவர் கோலத்தைப் பத்தி பத்தியாக அட்டவணையால் பெருக்கும் யுக்தியைக் கொண்டுவந்தார்கள். ஒரு பத்தியின் நிலையை எழுது. அட்டவணையால் பெருக்கினால் அடுத்த பத்தி. மறுபடி பெருக்கினால் அதற்கடுத்தது. இப்படிப் பார்த்து, அண்டை வீட்டாரின் பிணைப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மாறுகிற உஷ்ணம் 2.269 என்று சொல்லிவிட்டார்கள். கோலம் முழுவதையும் தீர்க்க அவர்களாலும் முடியவில்லை.

தீர்த்தவர் லார்ஸ் ஆன்ஸேகர். நார்வேக்காரர், ஒரு தினுசான மனிதர். 1925இல் ஸூரிக் நகரத்தில் பிரசித்தி பெற்ற பேராசிரியர் டெபையின் அறைக்குள் போய், "உங்கள் கரைசல் சித்தாந்தம் தவறு" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. டெபை அவரையே உதவியாளராக வைத்துக்கொண்டார். பிற்பாடு அமெரிக்காவில் அவர் நடத்திய புள்ளிவிவர யந்திரவியல் வகுப்பு ஒருவருக்கும் புரியாததால், மாணவர்கள் அதன் பெயரைச் சற்றே திருப்பி, சித்திரவதை வகுப்பு என்று அர்த்தப்படும்படி செய்துவிட்டார்களாம்.

இந்த ஆன்ஸேகர் 1942 பிப்ரவரி 28ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில் எழுந்து, இரண்டு பரிமாண ஈசிங் கணக்கைப் பிழையறத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார். 1944இல் கட்டுரை வந்தது. பின்னமில்லை, தோராயமில்லை, முழு விடை. உலகமெங்கும் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்ததும், ஐரோப்பாவில் தனித்துவிடப்பட்டிருந்த கேஸிமிர் என்ற விஞ்ஞானி, இத்தனை வருஷத்தில் தத்துவப் பௌதிகத்தில் நான் எதையெல்லாம் தவறவிட்டேன் என்று கவலைப்பட்டாராம். ஆன்ஸேகரின் தீர்வைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை என்று பாலி அவருக்குப் பதில் சொன்னார். தண்டவாளம் பெயர்த்துக்கொண்டிருந்த ஈசிங்குக்கு இதில் ஒரு எழுத்தும் எட்டவில்லை.

*

இனி இரண்டாவது கதை. முதல் கதைக்கும் இதற்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே இல்லை.

என்னைப் போன்ற கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதாநாயகன் தெருமுனையில் வந்து நின்றால், வலப்பக்கம் அனுப்புவதா, இடப்பக்கம் அனுப்புவதா என்று நான் தீர்மானித்தாக வேண்டும். இரண்டு பக்கமும் அனுப்ப முடியாது. எலெக்ட்ரானுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒரு திரையில் இரண்டு துளைகள் இருந்தால், எதன் வழியாகப் போயிற்று என்று பார்க்காத வரையில், இரண்டு வழியையும் கணக்கில் சேர்த்தால்தான் அது எங்கே வந்து விழும் என்று சொல்ல முடிகிறது.

சேர்ப்பதிலும் ஒரு விசேஷம். சாதாரண வாய்ப்புகளைப் போல் நேராகக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் கடிகார முள்ளைப் போன்ற ஓர் அம்பு உண்டு. அதற்கு நீளமும் உண்டு, திசையும் உண்டு. இதைத்தான் வாய்ப்பின் வீச்சு என்கிறார்கள். அம்புகளைத் தலையும் வாலுமாகச் சேர்த்து, கடைசியில் கிடைக்கும் அம்பின் நீளத்தை வர்க்கம் செய்தால்தான் உண்மையான வாய்ப்பு. இரண்டு அம்புகள் எதிரெதிராக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு துளை மட்டும் திறந்திருந்தபோது எலெக்ட்ரான் விழுந்த இடத்தில், இரண்டாவது துளையையும் திறந்துவிட்டால் விழாமலே போகலாம்!

1933இல் டிராக் என்ற ஆங்கில மேதை, அதிகம் பேர் படிக்காத ஒரு சோவியத் பத்திரிகையில், இந்த அம்பு ஒரு நொடித்துளியில் எவ்வளவு திரும்புகிறது என்பதற்கும் பழைய யந்திரவியலில் 'செயல்' என்று சொல்லப்படும் அளவுக்கும் ஒப்புமை இருக்கிறது என்று எழுதி வைத்தார். எட்டு வருஷம் போல அது அப்படியே கிடந்தது. பிரின்ஸ்டன் நகரத்தில் ஒரு பீர் விருந்தில், ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற மாணவர், ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஹெர்பர்ட் யேலே என்பவரிடம் பேச்சுக் கொடுத்தார். யேலே டிராக்கின் கட்டுரையைச் சொன்னார். மறுநாள் இருவரும் நூல்நிலையத்தில் தேடி எடுத்தார்கள். ஒப்புமை என்றால் என்ன, சமமா என்று ஃபைன்மன் கரும்பலகையில் போட்டுப் பார்த்தார். ஒரு சாதாரண எண்ணால் பெருக்கிவிட்டால் இரண்டும் ஒன்றேதான்! பிற்பாடு 1946இல் டிராக்கையே சந்தித்து, இரண்டும் விகித சமமானவை என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அப்படியா, சுவாரசியமாக இருக்கிறதே என்றதோடு டிராக் நிறுத்திக்கொண்டார். அவர் பேசும் அளவே அவ்வளவுதான்.

ஃபைன்மன் அதை 1942இல் தம் டாக்டர் பட்டக் கட்டுரையாக வளர்த்து, 1948இல் விரிவாக வெளியிட்டார். சாராம்சம் இது: இங்கிருந்து அங்கே போக எத்தனை வழி உண்டோ அத்தனையையும் எழுதிக்கொள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு அம்பு போடு. எல்லா அம்புகளையும் கூட்டு.

வாசகர்களுக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? போல்ட்ஸ்மான் சொன்னதும் இதேதான். எல்லா விதங்களையும் எழுது, மதிப்பெண் போடு, கூட்டு.

*

ஒற்றுமை மேம்போக்கானதல்ல என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் மார்க் காட்ஸ். போலந்து யூதர், 1938இல் அமெரிக்கா வந்ததனால் பிழைத்தார். ஊரில் தங்கிவிட்ட அவருடைய குடும்பத்தை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். கார்னல் சர்வகலாசாலையில் ஃபைன்மன் பேசக் கேட்ட காட்ஸ், தாமும் இவரும் ஒரே விஷயத்தை இரண்டு பக்கமிருந்து செய்துகொண்டிருக்கிறோம் என்று திடுக்கிட்டார். மகரந்தத் துகள் தண்ணீரில் தள்ளாடுவதைப் போன்ற சாதாரண அலைச்சல்களைப் பற்றியது அவருடைய கணிதம். அங்கேயும் எல்லா வழிகளின் கூட்டல்தான். ஆனால் அம்புகள் இல்லை; வெறும் எண்கள். 1949இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துவார்களே, அந்தக் கற்பனை எண்ணில் இருக்கிறது. ஓர் அம்பை அதனால் பெருக்கினால் அம்பு கால் சுற்றுத் திரும்பும். காந்தக் கணக்கில் சக்தியை உஷ்ணத்தால் வகுத்து மதிப்பெண் செய்கிறார்கள். குவாண்டம் கணக்கில் செயலைப் பிளாங்க் என்பவரின் எண்ணால் வகுத்து, அந்தக் கற்பனை எண்ணையும் சேர்த்து அம்பு செய்கிறார்கள். மற்றபடி சூத்திரத்தின் உருவம் ஒன்றே.

உருவம் ஒன்றானதால் சுபாவமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. காந்தத்தின் மதிப்பெண்கள் எல்லாம் சேமிப்புக் கணக்கு மாதிரி. போட்டதெல்லாம் ஏறிக்கொண்டே போகும். அம்புகளில் வரவும் உண்டு, அழிவும் உண்டு. காந்தத்தில் மதிப்பெண்ணிலிருந்து நேரே வாய்ப்பு வந்துவிடும். அம்பில் வர்க்கம் செய்தால்தான் வரும். உறவு உண்மை, ஆனால் இரட்டைப் பிள்ளைகளல்ல, ஒரு பக்கம் பார்த்தால் முகம் ஒத்திருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இன்னொரு பக்கமிருந்தும் இதே உறவு வெளிப்பட்டது. ஆன்ஸேகரின் தீர்வு காட்டைப் போல் அடர்ந்திருந்தது. புரூரியா காஃப்மன் என்ற பெண்மணி 1949இல் அதை வெட்டித் திருத்திப் பாதை போட்டார். அவர் கையாண்ட கணித உருப்படிகள் எவை தெரியுமா? 1928இல் எலெக்ட்ரானுக்காக டிராக் எழுதிய சமன்பாட்டில் வருகிற அதே உருப்படிகள். கோலத்தின் பத்திக்குப் பத்தி போவதும், குவாண்டம் உலகம் கணத்துக்குக் கணம் போவதும் ஒரே மாதிரிப் பெருக்கல்தான். 1964இல் ஷுல்ட்ஸ், மேட்டிஸ், லீப் என்ற மூவர் ஆன்ஸேகரின் கோலத்தை எலெக்ட்ரான் இனத்துத் துகள்களின் கூட்டமாகவே எழுதிக் காட்டிவிட்டார்கள். காஃப்மன் அம்மையார் பின்னர் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தார். காபுத் கிராமத்து மரவீட்டுக்காரர் அவர்தானே!

*

கதையின் உச்சம் இனிமேல்தான். ஈசிங்கின் சங்கிலியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இரண்டு பரிமாணத்துக்குத்தான் மரியாதை. சங்கிலி, பாடப் புத்தகத்தின் முதல் பயிற்சிக் கணக்காகிவிட்டது.

ஃபைன்மன் தம் மாணவர் ஹிப்ஸுடன் சேர்ந்து 1965இல் வெளியிட்ட புத்தகத்திலும் ஒரு பயிற்சிக் கணக்கு இருக்கிறது. ஒரே நேர்க்கோட்டில் நடமாடும் எலெக்ட்ரானை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். காலத்தை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஓர் அடி வலப்பக்கம் போகும், அல்லது ஓர் அடி இடப்பக்கம் போகும். சதுரங்கப் பலகையில் மந்திரி குறுக்காகப் போவது போன்ற வழி அது. எங்கெல்லாம் திசை மாறுகிறதோ அங்கெல்லாம் அம்பைக் கால் சுற்றுத் திருப்பு. எலெக்ட்ரானின் நிறைக்குத் தக்கபடி ஒரு சிறிய எண்ணாலும் பெருக்கு. திசை மாறாவிட்டால் சும்மா விட்டுவிடு. இப்படி எல்லா வளைந்த வழிகளையும் கூட்டினால், ஒற்றைக் கோட்டு உலகத்துக்குரிய டிராக்கின் சமன்பாடு வந்து நிற்கும்!

இப்போது வலது என்கிற இடத்தில் 'மேலே' என்றும், இடது என்கிற இடத்தில் 'கீழே' என்றும் எழுதிப் பாருங்கள். எலெக்ட்ரானின் பயணம் முழுவதும் மேல், மேல், கீழ், கீழ், மேல் என்று ஒரு வரிசையாகிவிடும். திசை மாறும் இடந்தோறும் ஒரு பெருக்கல். ஈசிங்கின் சங்கிலியில் முரண்படும் இடந்தோறும் ஒரு பெருக்கல் போட்டோமே, அதே கணக்கு! அங்கே கண்ணிகள் இடத்தில் வரிசையாக நின்றன. இங்கே கணங்கள் காலத்தில் வரிசையாக நிற்கின்றன. அங்கே முறிவுகளை உண்டாக்கியது உஷ்ணம். இங்கே திருப்பங்களை உண்டாக்குவது நிறை. நிறையே இல்லாத துகளானால் திரும்பவே திரும்பாமல் ஒளியைப் போல் நேரே போய்விடும். 1981இல் கெர்ஷ் என்பவர் இந்தத் தொடர்பை வெளிப்படையாக எழுதி, ஃபைன்மனின் சதுரங்கப் பலகை என்பது பிணைப்பைக் கற்பனை எண்ணாக்கிய ஈசிங் சங்கிலியே என்று காட்டினார்.

ஈசிங்கின் சங்கிலி தோற்றதற்கு என்ன காரணம் சொன்னோம்? ஓர் இடத்தில் முறிய ஓர் அபராதமே போதும். முறியக்கூடிய இடங்களோ ஏராளம் என்றோம். அந்தக் குற்றம்தான் இங்கே குணமாகிவிட்டது. சங்கிலி எங்கேயும் முறியலாம் என்பதால்தான் எலெக்ட்ரான் எங்கேயும் திரும்பலாம். எங்கேயும் திரும்பலாம் என்பதால்தான் அது ஒளியைவிட மெதுவாக, கனமுள்ள ஒரு பொருளாக நடமாடுகிறது. இரும்புக்கு உதவாத கணக்கு எலெக்ட்ரானுக்கு அச்சாகப் பொருந்தியிருக்கிறது. நாம் வாழும் மூன்று பரிமாண உலகத்துக்கு இந்தச் சதுரங்கத்தை அப்படியே நீட்டிவிடுவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் கோட்டில் அது செய்யும் ஜாலம் அங்கே அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

ஆனால் அந்த உறவு வேறு வழியில் பலன் கொடுத்தது. 1954இல் விக் என்ற இத்தாலியர் காலத்தையே கற்பனை எண்ணால் பெருக்கி, அம்புகளைச் சாதாரண எண்களாக்கிக் கணக்குப் போடும் யுக்தியைக் காட்டினார். 1974இல் கென்னத் வில்ஸன், இடத்தையும் காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணப் புள்ளிக் கோலமாக்கி, அணுக்கருவுக்குள் இருக்கும் விசைகளை அதன் மேல் எழுதினார். காந்தக் கணக்குப் போடுகிற முறையிலேயே கம்ப்யூட்டர்கள் அதைக் கணக்கிடத் தொடங்கின. 2008இல் புரோட்டானின் நிறையைச் சில சதவீதப் பிழைக்குள் அப்படிக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். நம் உடம்பின் எடையில் பெரும் பகுதி புரோட்டான்களும் அவற்றின் சகோதரர்களும்தான். தராசில் நாம் ஏறி நிற்கும்போது முள் காட்டுகிற எண்ணுக்கு, லென்ஸ் செய்த பொம்மையின் வம்சத்தில் வந்த ஒரு கணக்கு விளக்கம் தருகிறது.

*

யுத்தம் முடிந்து இரண்டாவது வருஷம், 1947 ஏப்ரலில், ஈசிங் தம்பதிகள் சரக்குக் கப்பல் ஒன்றில் நியூயார்க் போய் இறங்கினார்கள். மறு வருஷம் பியோரியாவில் உள்ள பிராட்லி சர்வகலாசாலையில் அவருக்குப் பேராசிரியர் ஸ்தானம் கிடைத்தது. 1976 வரையில் அங்கே பௌதிகம் போதித்தார். மாணவர்கள் அவரைப் பெரிதும் விரும்பினார்கள். அவர்கள் பெயரை 'ஐசிங்' என்று உச்சரித்தார்கள். அதற்கு அவர் பழகிக்கொண்டார். பெயர் உலகம் சுற்றிய பிறகும், பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு நானும் இருக்கிறேன் என்று அவர் கிளம்பவில்லை. வகுப்புக்குப் போனார், வந்தார். 1998 மே 11ஆம் தேதி, தொண்ணூற்றெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள், பியோரியாவில் காலமானார்.

எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. எழுதியது வீணாகிவிட்டதோ என்ற பயம். ஈசிங்கின் கட்டுரையை நினைக்கும்போது எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அவர் கடைசியில் சொன்ன முடிவு தவறாகப் போயிற்று. ஆனால் நடுவில் போட்ட கணக்கில் ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை. ஒற்றைச் சங்கிலிக்கு எது உண்மையோ அதை அப்படியே எழுதிவிட்டுப் போனார். பிற்காலத்தார் அவருடைய முடிவை மறந்தார்கள், சங்கிலியை வைத்துக்கொண்டார்கள். அவர் எழுதியதைக் கொளுத்தவோ பெயர்க்கவோ எந்தக் கும்பலாலும் முடியவில்லை. அது ஆறு பக்கந்தான்.